பூட்டிய வீட்டுக்கு ஒரு தட்டுச் சோறு

நவம்பர் 25, செவ்வாய்

உலகத் தமிழர்களுக்கும் இதர உயிரினங்களுக்கும் மிகுந்த பொறுப்புணர்ச்சியுடன் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை, ஜப்பான் நாடு, தொயாமா மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளி வாசலில், காலணி மாற்றும் இடத்தில், என் இடது சாக்ஸின் பெருவிரல் ஓட்டை பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைக்கப்பட்டது. விழாவுக்குத் தலைமை தாங்கிச் சிரித்தவன் சோத்தா.

சோத்தா என் வகுப்பு நண்பன். பெயருக்கேற்ற பசி. என் பெயர் திலீபன் என்பது இங்கே யார் வாயிலும் நுழையாது. 'லீ' வராததால் 'திரிபான்' ஆகி, கடைசியில் 'பான்' மட்டும் மிஞ்சியது. பான் என்றால் ஜப்பானியத்தில் ரொட்டி. ஆக, சோறும் ரொட்டியும் ஒரே பெஞ்சு.

போன ஏப்ரலில் அப்பாவின் வார்ப்படத் தொழிற்சாலை வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்தோம். அம்மா மதிய உணவுப் பெட்டி அடைக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் நகரமன்றத்தில் ஜப்பானியம் படிக்கிறாள். மூன்றாம் பாடத்தைத் தாண்டியதில்லை. எட்டு வயதுத் தங்கை மகிழினி எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பேசுகிறாள் என்று சொல்கிறார்கள். சொல்பவர்களுக்கு ரசனை இல்லை. நான்தான் நன்றாகப் பேசுவேன். எழுத்துதான் கொஞ்சம் தகராறு. கஞ்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் கஞ்சி குடித்தால்தான் செய்தித்தாள் புரியுமாம்.

"நாளைக்குத் தமிழ் மறந்துபோனா என்னையத்தான் திட்டுவாங்க, தெனமும் எழுதுடா" என்று அப்பா உத்தரவு போட்டதால் இந்த நோட்டு. சோத்தாவால் இதைப் படிக்க முடியாது என்பது கூடுதல் லாபம்.

இன்னொரு செய்தி. பக்கத்து வீட்டுக் குரோதா அம்மா போன வெள்ளிக்கிழமை காய்கறிக் கடைக்கு முன்னால் விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் கடையிலிருந்தே கொண்டுபோய்விட்டது. பெயரில்தான் குரோதம். எங்களைப் பார்த்தால் கையில் ஒரு ஆரஞ்சைத் திணிக்காமல் விடமாட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது.

நவம்பர் 28, வெள்ளி

இரண்டு நாள் பயிற்சிக்குப் பிறகு குரோதா அம்மாவின் குரல் எனக்குச் சித்தியாகிவிட்டது.

இங்கே வெளியே போகும்போது "போய்ட்டு வர்றேன்", வீட்டுக்குள் நுழையும்போது "வந்துட்டேன்" என்று சொல்லியே ஆகவேண்டும். வந்துட்டேன் என்பதற்கு 'ததாய்மா'. உள்ளே இருப்பவர்கள் 'ஒகாயெரி' என்பார்கள், வந்தியா வா என்று அர்த்தம். நம் ஊரில் வீட்டுக்குள் நுழைய ஒரே வாக்கியம்தான்: "அம்மா, பசிக்குது."

குரோதா அம்மா தனியாக வாழ்ந்தவர். ஊர்ச் சங்கத் தலைவர் ஒகுதா முதல் தெருமுனைத் தபால்காரர் வரை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனாலும் தினமும் சாயங்காலம் கதவைத் திறந்ததும் உள்ளே பார்த்து "ததா...ய்மா" என்று கூப்பிடுவார். எண்ணெய் போடாத சைக்கிள் மேடேறுவது போல் நடுவில் ஒரு இழுவை, கடைசியில் ஒரு நடுக்கம். "சாமிகிட்டச் சொல்றாங்களாட்ட இருக்குது" என்பார் அப்பா.

தலைமை ஆசிரியர், ரயில் நிலைய அறிவிப்பு, ஐந்து மணிக்கு ஊரெல்லாம் ஒலிக்கிற நகரசபை ஒலிபெருக்கி, எல்லாம் என் தொண்டைக்குள் இருக்கின்றன. இது என் மகுடம்.

டிசம்பர் 1, திங்கள்

இன்று சோத்தாவைப் பயமுறுத்தும் திட்டம். சாயங்காலம் அவனைக் குரோதா அம்மா வீட்டு வாசலுக்கு அழைத்துப் போனேன். நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. உருவம் மட்டும் மசமசப்பாகத் தெரியும் கண்ணாடி வைத்த இழுப்புக் கதவு. தபால் துவாரத்தில் வாயை வைத்து, சைக்கிளை மேடேற்றினேன்.

"ததா...ய்மா."

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"ஒகாயெரி."

மெல்லிய குரல். ஆணா பெண்ணா தெரியவில்லை. ரொம்ப நாள் திறக்காத பெட்டியைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு கரகரப்பு.

சோத்தா என்னைப் பார்த்தான். (அவன் ஜப்பானியத்தில் பேசியதை நம் ஊர்த் தமிழில் எழுதுகிறேன், அவனுக்கு அதுதான் பொருந்துகிறது.)

"டேய், நீதான அது?"

"எதுடா?"

"ரெண்டாவது குரல்."

"என் வாய் ஒண்ணுதான்டா."

அதற்குமேல் அவன் அங்கே இல்லை. நான் ஓடவில்லை என்பதை வரலாற்றுக்காகப் பதிவு செய்கிறேன். வேகமாக நடந்தேன். நடக்கும்போது இரண்டு கால்களும் தரையில் படாமல் இருந்த சந்தர்ப்பங்கள் உண்டு.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். எங்கள் வீட்டு வாசலில் வரிசையாகக் கண்ணாடி டம்ளர்கள், உள்ளே அகல். மரவீடுகள் நிறைந்த தெருவில் வெறும் விளக்கு வைக்கக் கூடாது என்று அப்பா தடை போட்டதால் வந்த ஏற்பாடு.

அம்மா ஒரு டம்ளரை என் கையில் கொடுத்தாள். "அந்தம்மா வூடு இருட்டாக் கெடக்குது. நாளுங் கெழமையுமாப் பக்கத்து வூடு அப்படிக் கெடக்கக் கூடாது கண்ணு. வாசப்படியில வெச்சுப்போட்டு வா."

"நீயே போம்மா."

"ஏன், பயமா?"

பயமா! போனேன். விளக்கை வைத்தேன். சும்மா திரும்பியிருக்கலாம். ஆனால் சோத்தா வீட்டு ஆட்கள் யாராவது உள்ளே ஒளிந்து விளையாடினார்களா என்று ஆராய வேண்டுமல்லவா?

"ததா...ய்மா."

"ஒகாயெரி."

இந்த முறை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கீழே, தரையோடு தரையாக ஏதோ வெளுப்பாக இருந்தது. உட்கார்ந்த உயரம். அது கண்ணாடியின் அருகே வந்தது. கண்ணாடி அந்த இடத்தில் மட்டும் ஆவி பிடித்து மங்கியது. பிறகு தெளிந்தது. மறுபடி மங்கியது.

டிசம்பர் 5, வெள்ளி

இன்றும் பதில் வந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

"நீ தினமும் அங்க போறியாமே, லூசாடா?" என்றான் சோத்தா. ஆராய்ச்சி என்றேன். எல்லா விஞ்ஞானியையும் முதலில் லூசு என்றுதான் சொன்னார்கள்.

ஆராய்ச்சிக் குறிப்பு: பள்ளி விட்டு நான் வரும்போது எங்கள் வீட்டில் யாரும் இருப்பதில்லை. அம்மா ஆறு மணிக்குமேல், அப்பா எட்டு, மகிழினி பள்ளியிலேயே இருக்கும் குழந்தைகள் மன்றத்தில். ஹீட்டர் அணைந்து கிடக்கும், என் மூச்சே எனக்குப் புகையாகத் தெரியும். ஆகவே நேரத்தை வீணாக்காமல் பக்கத்து வீட்டு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

டிசம்பர் 12, வெள்ளி

கணக்குத் தேர்வு முடிந்து வர நேரமாகிவிட்டது. பை கூட இறக்காமல் நேரே குரோதா அம்மா வாசலுக்குப் போனேன்.

"ததா...ய்மா."

"ஒகாயெரி." கொஞ்சம் இடைவெளி. பிறகு, "ஒசோகத்தா நே."

இன்னிக்கு லேட்டாயிருச்சே.

அது நேரம் பார்த்துக்கொண்டு இருக்கிறது. எனக்காகக் காத்திருக்கிறது. இதை எழுதும்போது என் கையெழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் குளிர்.

டிசம்பர் 15, திங்கள்

முதல் பனி. தெருவெல்லாம் வெள்ளை. குரோதா அம்மா வாசலுக்குப் போன காலடிகள் எனக்கு மட்டும் சொந்தம். போனவை ஒரு வரிசை, வந்தவை ஒரு வரிசை. வந்தவை கொஞ்சம் அகலமான இடைவெளி.

பக்கச் சுவரில் மின்சார மீட்டர். ஆளில்லாத வீட்டில் அதன் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 17, புதன்

குரல் இறங்கிவிட்டது. ஒகாயெரி என்பதை முழுசாகச் சொல்ல முடியவில்லை. நடுவில் மூச்சு வாங்குகிறது. பிறகு ஒரு சொல்: "ஒனாகா சுயித்தா."

பசிக்குது.

பேய்க்குப் பசிக்குமா? சிரிப்பாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம். ராத்திரிச் சாப்பாட்டின்போது மகிழினியைப் பயமுறுத்தலாம் என்று காதில் சொன்னேன். அவள் பயப்படவில்லை. தட்டை வைத்துவிட்டு அம்மாவிடம் திரும்பி, "ம்மா, பக்கத்து வூட்டுப் பேய்க்குப் பசிக்குதாம்" என்று ஒப்பித்துவிட்டாள்.

அம்மாவின் முகம் மாறியது. திட்டவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

அம்மாவின் வாதம் இது. ஒகுதாவிடம் விசாரித்தபோது அவர் தலையைத் தாழ்த்தி, குரோதா அம்மா இனி வீட்டுக்குத் திரும்ப மாட்டார் போலிருக்கிறது என்றார். அப்படியென்றால் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள். பசியோடு வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங்க, நாளைக்கு அமாவாசை. ஒரு தட்டுச் சோறு வெச்சா நாம என்ன கொறைஞ்சா போயிருவோம்?"

அப்பா மீனைச் சுடச்சுட விழுங்கிவிட்டுச் சொன்னார்: "அவங்க புத்த மதம் அம்முணி. சாம்பாரெல்லாம் ஒத்துக்குமா?"

"பசிக்கு என்னங்க மதம்?"

"செத்தவங்களுக்குச் சோறு வெக்கறது சரி. இவன் எதுக்கு அங்க போயிப் பேசிட்டு இருந்தான்? அதைக் கேளு மொதல்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். "சும்மா தபால் ஓட்டையில எட்டிப் பார்த்தேன்" என்றேன். குரோதா அம்மாவின் குரலில் கூப்பிட்டதைச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதினால் போதும் என்று பள்ளியில் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

டிசம்பர் 19, வெள்ளி

மார்கழி அமாவாசை. அம்மா விடுப்பு எடுத்தாள். சோறு, சாம்பார், பூசணிக்காய்ப் பொரியல், வடை, பாயசம். வாழை இலைக்கு எங்கே போவது? எவர்சில்வர் தட்டு. எங்கள் வீட்டிலிருந்து அந்த வாசல் வரை பனியில் அம்மா முன்னால், ஊதுபத்தியோடு மகிழினி நடுவில், பாதுகாப்புக்கு நான் கடைசியில். (கடைசியில் வருபவனுக்குத்தான் ஆபத்து அதிகம், படங்களில் பார்த்ததுண்டு.)

படியில் தட்டை வைத்து அம்மா கைகூப்பினாள். "காக்கா எடுத்தாப் போதும்" என்றாள். இந்த ஊர்க் காக்கைகள் சேவல் பருமன், குப்பை மூட்டையையே தூக்கிப் போகும். கம்பியில் இரண்டு உட்கார்ந்திருந்தன. ஆனால் கீழே வரவில்லை. தட்டைப் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

இன்று நான் ததாய்மா சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள்.

கொஞ்ச தூரம் வந்த பிறகு பின்னால் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்தாள். "திரும்பிப் பாக்காதீங்க. சாப்படறப்போ பாக்கக் கூடாது." நாங்கள் பார்க்கவில்லை.

டிசம்பர் 20, சனி

காலையில் தட்டு படியில் இருந்தது. கழுவி, துடைத்து, பளபளவென்று. அதன் நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பொருள். சுருங்கிப்போன ஒரு கண் போல. ஈரமாக.

மகிழினி கத்தினாள். நான் கத்தியதாக அவள் சொல்வது பொய்.

அம்மா குனிந்து, விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தாள். "ஊறுகாய்டா. இவங்க உப்புல போட்டு வெப்பாங்களே, அந்தப் புளிப்புக் காய். கம்பெனியில தெனமும் சோத்துக்கு மேல ஒண்ணொண்ணா வெக்கறேன், எனக்குத் தெரியாதா?" அப்படியே தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பாத்தரத்தச் சும்மாத் திருப்பித் தரக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க."

"பேய்க்கு மரியாதை தெரிஞ்சிருக்குதும்மா."

அம்மா நிமிர்ந்தாள். "டேய். பேய் எதுக்குடா தட்டக் கழுவுது?"

மூடிய கதவைப் பார்த்தாள்.

"உள்ள உசுரோட யாரோ இருக்காங்க" என்றாள். குரல் கிசுகிசுவென்று போயிருந்தது. "உசுரோட இருக்கற ஆளுக்குப் போயி அமாவாசைச் சோறு வெச்சுப்போட்டனே! சாமி!"

அப்பாவைக் கூப்பிட்டோம். நான்கு பேரும் கதவுக்கு முன்னால். அப்பா தட்டினார். சத்தமில்லை. அம்மா மூன்றாம் பாட ஜப்பானியத்தை எடுத்தாள்: "நாங்கள் பக்கத்து வீடு. இது சோறு. நான் அம்மா. தயவுசெய்து கதவு."

உள்ளே ஏதோ தரையில் உரசியது. கண்ணாடியில் அந்த வெளுப்பு எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. உட்கார்ந்த உயரம் போய், நின்ற உயரம் வந்தது, அப்பாவைவிட உயரம். கதவு ஒரு கை அகலம் நகர்ந்தது. இருட்டு. அதில் ஒரு முகம். தோள் வரை நரைமுடி, தாடி, காகிதம் போன்ற தோல். ஆண். அப்பா வயது, அல்லது கொஞ்சம் கூட.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"காசான் வா?"

"என்றா சொல்றாரு?" என்றாள் அம்மா.

"தெரியல" என்றேன்.

தெரியும். அம்மா எங்கே என்று கேட்டார். மகிழினிக்கும் தெரியும். அவள் வாய் திறக்குமுன் அவள் காலை மிதித்தேன்.

கதவிடுக்கில் கீழே பார்த்தேன். படியோரம் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு, வீட்டுக்குள் போடுவது. வருபவர் கால் நுழைப்பதற்குத் தோதாகத் திருப்பி, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

டிசம்பர் 21, ஞாயிறு

அவர் பெயர் மசாகி. குரோதா அம்மாவின் மகன். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை. அப்படி ஒரு மகன் இருப்பதே தெருவில் ஒருவருக்கும் தெரியாது. குரோதா அம்மா யாரிடமும் சொன்னதில்லை. நகரசபையிலிருந்து நலத்துறை அம்மா ஒருவர் வந்து வாசலில் உட்கார்ந்து பேசினார். ஒகுதா தெருவில் நின்று, "தனியாத்தானே இருந்தாங்க, தனியாத்தானே இருந்தாங்க" என்று பனியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அரிசி தீர்ந்துபோய், கடைசியில் ஊறுகாயும் தண்ணீரும்தான்.

இன்னொரு செய்தி: குரோதா அம்மா சாகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூளையில் ரத்தக் கட்டு. வலது கை வராது. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. வாயைத் திறந்து திறந்து மூடுகிறாராம், ஏதோ சொல்ல. என்னவென்று யாருக்கும் புரியவில்லையாம்.

எங்களுக்குப் புரிந்தது.

அம்மா தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, "அவரு நூறு வருசம் நல்லா இருக்கோணும்" என்று சாமி படத்துக்கு முன்னால் இரண்டு முறை சொன்னாள். வைத்த சோற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் மந்திரம் அவளுக்குத் தெரியாததால் வேறு வழியில்லை.

டிசம்பர் 24, புதன்

கிறிஸ்துமசுக்கு இந்த ஊரில் கேக்கும் பொரித்த கோழியும். மாதாகோவிலைத்தான் காணோம். சோத்தா ஒரு துண்டு கேக் கொண்டுவந்தான். முக்கால் துண்டு வழியிலேயே காலி.

நலத்துறை அம்மா சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். மெதுவாகப் பேசினார், எனக்கு எல்லாம் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

ஒவ்வொரு சாயங்காலமும் தன் அம்மா வாசலுக்கு வந்து ததாய்மா சொன்னதாக மசாகி சொல்கிறாராம். குரல் வரும், ஆள் உள்ளே வருவதில்லை. அதனால் அம்மா செத்துவிட்டார், ஆவிதான் வருகிறது என்று முடிவு செய்துவிட்டார். கதவைத் திறந்தால் கலைந்துவிடும் என்று பயந்து, படியில் உட்கார்ந்து பதில் மட்டும் சொல்லியிருக்கிறார். உதவி கேட்டுத் தொலைபேசி எடுக்கவும் இல்லை. அம்மாதான் தினமும் வருகிறாரே.

படியில் சோறு இருந்ததும் அதுவும் அம்மா வைத்தது என்று நினைத்தார். அந்தச் சிவப்பு ஊறுகாய் எங்களுக்கு வைத்த பதில் மரியாதை இல்லை. ஜாடியில் கடைசியாக இருந்த ஒன்று. தன் அம்மாவுக்கு வைத்த படையல்.

"யாராவது விளையாடினாங்களா, தெரியலை" என்றார் நலத்துறை அம்மா.

நான் அவரைப் பேயென்று நினைத்தேன். அவருக்கு நான்தான் பேய்.

அம்மாவும் அப்பாவும் என்னைப் பார்த்தார்கள். பிறகு சொல்லிவிட்டேன். முழுசாக. ஜப்பானியத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. அப்பா அடிக்கவில்லை. "அந்தக் குரலைக் கேக்கலீன்னா அவரு கதவைத் தொறந்து முன்னாடியே வெளிய வந்திருப்பாரு" என்றார். அம்மா, "அந்தக் குரலும் இல்லீனா முன்னாடியே உசுரே போயிருக்கும்" என்றாள். இரண்டில் எது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

டிசம்பர் 31, புதன்

இங்கே வருஷக் கடைசியில் நீளமான நூடுல்ஸ் சாப்பிட்டால் ஆயுசு நீளுமாம். அம்மா ஒரு கிண்ணம் மசாகிக்குக் கொடுத்தனுப்பினாள். நான்தான் தினமும் கொண்டுபோகிறேன். நானே கேட்டு வாங்கிய வேலை. வாசலில் என் சொந்தக் குரலில், "சாப்பாடு" என்கிறேன். கதவு திறக்கும். அவருக்கு நான் யார் என்று தெரியும். நலத்துறை அம்மா சொல்லிவிட்டார். அவர் கிண்ணத்தை வாங்கும்போது என் தொண்டையைப் பார்ப்பார். முகத்தை இல்லை.

அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி எல்லோரும் கெஞ்சிவிட்டார்கள். முடியாது என்று தலையாட்டுகிறார். டாக்டர் இனிமேல் தள்ளிப்போட வேண்டாம் என்கிறாராம்.

ஜனவரி 2, வெள்ளி

அப்பா யாரிடமும் சொல்லாமல் காலையில் காரைக் குரோதா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார். கூப்பிடவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தார். எல்லா வீட்டு வாசலிலும் புத்தாண்டு வைக்கோல் மாலை தொங்குகிறது. தெருவே புதுச்சட்டை போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போய் வந்தது. அப்பா நகரவில்லை.

மத்தியானம் கதவு திறந்தது. மசாகி நின்றார். முடியைத் தானே வெட்டியிருந்தார், ஒரு பக்கம் தூக்கலாக. படி வரை வந்து நின்றுவிட்டார். குனிந்து கீழே பார்த்தார்.

அப்பாவுக்கு உடனே புரிந்தது. அவரிடம் வெளியே போட்டுக்கொள்ளக் காலணியே இல்லை. இத்தனை வருஷம் தேவைப்படவில்லை. அப்பா காரில் இருந்தபடியே தன் பனி பூட்சைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "குடுத்துட்டு வாடா." சாக்ஸோடு வண்டி ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் நான் அறைக்கு வெளியே நின்றேன். கதவு திறந்திருந்தது. குரோதா அம்மா கட்டிலில் ரொம்பச் சின்னதாகிவிட்டார். மகனைப் பார்த்ததும் வாய் திறந்தது. மூடியது. திறந்தது. அந்த வாயின் வடிவத்தை நான் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன். என்ன சொல் என்று எனக்குத் தெரியும். சத்தம் மட்டும் வரவில்லை.

மசாகி குனிந்து, "ஒகாயெரி" என்றார்.

ஜனவரி 4, ஞாயிறு

பேச்சு திரும்பாது என்று சொல்லிவிட்டார்களாம். பதிவு செய்து வைத்தது எதுவும் இல்லை. கைபேசியில் கூட. அந்தக் குரல் இப்போது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போலவே இருக்கிறது. அம்மா மிளகுக் கஷாயம் கொடுத்தாள். போகவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல்! எங்கள் அடுப்பு மின்சாரக் காந்த அடுப்பு. பால் பொங்கினால் தானே அணைந்துவிடும். தமிழர் பண்பாட்டுக்கு எதிராகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். அம்மா மூன்று முறை மறுபடி போட்டுக் கடைசியில் ஜெயித்தாள். மகிழினி "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியதில் ஒகுதா ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

சாயங்காலம் மசாகி வந்தார். ஆஸ்பத்திரியைத் தவிர அவர் நுழைந்த முதல் இடம் எங்கள் வீடு. அப்பாவின் பூட்ஸ் இப்போது அவருடையது. கையில் ஒரு பை ஆரஞ்சு.

மற்றவர்கள் சமையலறையில் இருந்தபோது, நாங்கள் இருவரும் மட்டும் கூடத்தில். அவர் கேட்டார்: "அந்தக் குரல். இன்னொரு தடவை. முடியுமா?"

வரலாறு அறிக! இன்று என் கலைவாழ்வின் உச்சம். நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூச்சை இழுத்தேன். அந்த இழுவை, அந்த மேடு, கடைசியில் அந்த நடுக்கம், ஒன்று பிசகவில்லை. கண்ணை மூடிக் கேட்ட மசாகி சொன்னார்: "அம்மாவேதான்." என் வாழ்நாளின் மிகச் சிறந்த குரல் இதுதான் என்று அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 16, வெள்ளி

நேற்றைய பதிவில் ஒரு சின்னத் திருத்தம்.

நிமிர்ந்து உட்கார்ந்தது உண்மை. மூச்சை இழுத்ததும் உண்மை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, படியில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. மறுபடி திறந்து மூடினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று சத்தமில்லாமல் எழுந்து, சமையலறைக்குப் போய், ஏற்கெனவே வெந்துவிட்ட பொங்கலைக் கிண்டினேன். அம்மா, "அடி புடிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, விடுறா" என்றாள். மகிழினி நெய்யை நக்கிக்கொண்டிருந்தாள்.

முகம் கழுவிவிட்டுத் திரும்பிப் போனேன், முடியவில்லை என்று சொல்லிவிட. அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கண் மூடியபடிதான். கன்னம் நனைந்திருந்தது. நான் வந்த சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்து, குனிந்து எனக்கு வணக்கம் சொல்லி, "அம்மாவேதான்" என்றார்.

என் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வந்திருக்கவில்லை.